பின் ஆக்சில் ஒழுகுவதாக ஒரு பிராது

சோப்புப் போட்டுக் கழுவினேன். அரப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். புளியை வைத்துக்கூடத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உன் வண்டியின் கிரவுன் ஆயில் நாற்றம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் சோறு வருவதற்கு முன்னால் அது வந்து நிற்கிறது. அழுகிய பூண்டில் பட்டாசு மருந்தைக் கலந்த மாதிரி ஒரு வாடை. நீ வேலை முடித்துச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "கைய மோந்து பாருடா, பொணங்கூட எழுந்து ஓடும்" என்று திட்டுவேன். இப்போது என் கை அப்படி நாறுகிறது. திட்ட ஆள் இல்லை.

தம்பி, உன் வண்டியின் பின் ஆக்சிலைப் பிரித்து, மூடியைக் கழற்றி, புதுப் பேக்கிங் வைத்துப் பூட்டியாகிவிட்டது. மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. நான்தான் செய்தேன். நம்ப மாட்டாய். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் ஒவ்வொரு போல்ட்டாகத் திருகினேன்.

போன வாரம் பிளாஸ்டர் மூட்டை எடுக்க என் பொம்மை அச்சுக் கொட்டகையின் பின்பக்கம் போனேன். சித்திரை வெயில் தகரக் கூரைமேல் நின்று காய்ச்சிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கினால் அடிப்பக்கம் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. சாக்கு கறுத்துவிட்டது. உள்ளே பிளாஸ்டர் எண்ணெயைக் குடித்துக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. எண்ணெய் குடித்த பிளாஸ்டரை அச்சுக்கு வைத்துக்கொள்ள முடியாது, குப்பையில்தான் கொட்ட வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். தார்ப்பாய் போர்த்திய உன் வண்டி தன் பாட்டுக்கு நிற்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழேயிருந்து கறுப்புக் கோடு ஒன்று தரையில் ஊர்ந்து மூட்டை வரைக்கும் வந்திருக்கிறது. போன ஐப்பசியிலிருந்து அந்த வண்டி ஓர் அடி நகரவில்லை. ஓட்ட ஆள் இல்லை. அப்போதும் ஒழுகுகிறது.

"செத்தும் ஒழுவுறியாடா" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அந்த எண்ணெய் ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன் காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தது.

அந்த வண்டியை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? புதுச்சேரியில் ஒரு வக்கீல் வீட்டுத் தோட்டத்தில் மழையும் வெயிலும் பட்டுக் கிடந்ததாம். வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டம்மா, "எடுத்துக்கிட்டுப் போய்யா, கோழி நாத்தமாவது கொறையும்" என்றார்களாம். சீட்டு நிறையக் கோழி அடைந்துகொண்டிருந்தது என்று நீயே சொன்னாய். லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாய். இரண்டே சீட்டு. மேலே கூரை இல்லை. மூக்கு மட்டும் முழ நீளம். உட்கார்ந்தால் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் அப்பா காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்துப் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிற பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன மூட்ட ஏத்தலாம்?" என்று கேட்டார். "ஒரே மூட்டதாங்க. எங்க அக்காவ மட்டும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னாய்.

ஜங்ஷன் ரோட்டில் உன் லாரிப் பட்டறையில் இடமில்லை. வண்டி என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பீங்கான் பொம்மை வார்ப்பவர்களுக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுக்கிற இடம். எந்நேரமும் வெள்ளைத் தூள் பறந்துகொண்டே இருக்கும். என் தலை நரைத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாமல் போனதே அந்தத் தூளால்தான். அங்கே சிவப்பு வண்டி நின்றால் என்ன ஆகும்? இரண்டாம் நாளே அதுவும் என்னைப் போலக் கிழவி ஆகிவிட்டது. துடைப்பாய், மறுபடி படியும். மறுபடி துடைப்பாய்.

இஞ்சின், கியர், பிரேக் என்று ஒவ்வொன்றையும் நீ உயிர்ப்பித்துவிட்டாய். பின்பக்கம் மட்டும் உன்னைத் தோற்கடித்தது. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே தொங்குகிற அந்த உருண்டைக் கூடு. டிஃபரன்ஷியல் என்பார்கள், உன் பட்டறை பாஷையில் கிரவுன். உள்ளே பல் சக்கரங்கள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். பின்னால் இரும்பு மூடி. மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு தாள் வைக்க வேண்டும், அதுதான் பேக்கிங். கடையில் கேட்டால் அந்த வண்டிக்குப் பேக்கிங் எங்கேயும் இல்லை. கடலூர், புதுச்சேரி, சென்னை வரைக்கும் அலைந்தாய். கடைசியில் பேக்கிங் ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "ஒனக்குத்தான் கை சுத்தம். வெட்டிக் குடுக்கா."

மூடியை ஷீட்டின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். வரைந்த பிறகு என் கை தானாக ஒரு வேலை செய்தது. பச்சை மண் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கும். அதனால் எந்த அச்சு எடுத்தாலும் பொருளைவிடக் கொஞ்சம் பெரியதாகத்தான் எடுப்போம். சுருக்கத்துக்கு விடுவது என்று பேர். இத்தனை வருஷம் அதையே செய்த கை. கோட்டுக்கு வெளியே அளந்து இன்னொரு கோடு போட்டு, போல்ட்டு ஓட்டைகளையும் அதே கணக்கில் தள்ளி வைத்து, அழகாக வெட்டிக் கொடுத்துவிட்டேன். நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வாங்கிப் பொருத்திப் பார்த்தாய். ஒரு ஓட்டைகூடச் சேரவில்லை. அப்புறம் வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது, வண்டியே குலுங்குகிற மாதிரி. "அக்கா, பேக்கிங்க சூளையில வேவ வைக்கிறதா உத்தேசமா?"

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாய். பாலக்கரை டீக்கடையில் என்னைப் பார்த்தால், "சுருக்கத்துக்கு வுட்டு டீ போடட்டுமாம்மா?" என்று கேட்கிற அளவுக்கு ஆனது. அடுத்த பேக்கிங்கை நீ சொன்னபடி வெட்டினேன். ஷீட்டை இரும்பு விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு தானே வெட்டிக் கொடுக்கும். மயிரிழை பிசகாது. அரக்குத் தடவி மாட்டினாய். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் கறுப்பாக ஒரு சொட்டு.

அன்றைக்கு ஆரம்பித்தது நம் வழக்கு. பேக்கிங் வெட்டியது சரியில்லை என்று நீ. போல்ட்டை வெறிபிடித்தவன் மாதிரி முறுக்கினால் மூடி நெளியாமல் என்ன செய்யும் என்று நான். "பொம்மக்கி அச்சு எடுக்குற கைக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்" என்பாய். "லாரிக்கு முறுக்குற கைக்கு மெல்லிசான சாமானப் பத்தி இன்னா தெரியும்" என்பேன். மழைக்கு முன்னால் ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று எத்தனையோ பேக்கிங் வெட்டினேன். எல்லாம் ஒழுகின. கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும், சூடு ஏறியதும் சொட்ட ஆரம்பிக்கும். உன் பெண்டாட்டி செல்வி ஒரு பக்கமும் சேராமல், "ரெண்டு பேரும் சண்ட போடுறதுக்குன்னே அந்த வண்டிய வச்சிருக்கீங்க" என்பாள். அவள் சொன்னது பொய்யில்லை. கல்யாணம் கட்டாத எனக்குச் சண்டை போட வேறு யார் இருந்தார்கள்?

கடைசியில் நீ செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். நம் ஊர்க்காரர்கள் நிலத் தகராறுக்கும், காணாமல் போன மாட்டுக்கும், குடிகாரப் புருஷனுக்கும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது எழுதிக் கட்டுவார்கள். கோர்ட்டில் மனுக் கொடுப்பது மாதிரி, குறையைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, அதே கோயிலில் இருக்கிற முனியப்பர் வேலில் நூல் போட்டுக் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்தால் மறுபடி போய், தீர்ந்துவிட்டது என்று ராஜினாமா கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். நீ என்ன எழுதிக் கட்டினாய்? "என் வண்டியின் பின் ஆக்சில் ஒழுகுகிறது. பேக்கிங்கா, போல்ட்டா என்று சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எதிர்வாதி என் உடன்பிறந்த அக்கா." வந்து என்னிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். "சாமிக்கு வேற வேல இல்லியாடா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பெரிய எடத்துல கேஸ் போயிடுச்சி. இனிமே நீ எங்கிட்ட வாயக் குடுக்கக் கூடாது" என்றாய்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இங்கே பார்த்து, கடலூரில் பார்த்து, புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே படுத்துக்கொண்டும் நீ கேட்டது அந்த வண்டியைத்தான். "இந்தத் தடவ கொஞ்சம் தடிப்பான ஷீட்டுல வெட்டி வையிக்கா. வந்து மாட்டிடலாம்." உதடு வெடித்திருந்தது. தண்ணீர்த் துணியால் ஒற்றிவிட்டேன். "வந்து மாட்டுடா, இப்ப வாய மூடிக்கிட்டுப் படு" என்றேன்.

டாக்டர் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய பிறகு, அவளை உன் பக்கத்தில் விட்டுவிட்டு நான் காலை பஸ்ஸில் ஊருக்கு ஓடி வந்தேன். கொளஞ்சியப்பரிடம் போவதற்காகத்தான் வந்தேன். ஆனால் முதலில் கொட்டகைக்குப் போய், தடிப்பான ஷீட்டை எடுத்துப் பேக்கிங்கை வெட்டினேன். அதை வெட்டி முடித்துவிட்டால் மாட்டுவதற்கு நீ வந்துதான் ஆக வேண்டும் என்று ஏதோ ஒரு பைத்தியக்கார நினைப்பு. மூடியின் அளவுக்கு முன்பே ஓர் அட்டை வெட்டி வைத்திருந்தேனே, அதை வைத்து வெட்டினேன். ஆணியில் மாட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே மணவாளநல்லூர் போனேன். பிராது எழுதினேன். நீ எழுதியதுபோலக் கதை எழுதவில்லை. "என் தம்பி எழுந்து வர வேண்டும்" என்று ஒரே வரி. வேலில் கட்டினேன். நூல் ஈரத்தில் வழுக்கி வழுக்கி முடிச்சு விழாமல் ரொம்பப் படுத்தியது.

திரும்பிப் போகும் பஸ் வடலூரைத் தாண்டும்போது செல்வி போன் செய்தாள். அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்திரிக்கொட்டைப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்கள். மூத்தவள் கல்லு மாதிரி இருக்க, இளையவனைத் தூக்கிக்கொண்டு போவது என்ன நியாயம் என்று எனக்கு இன்று வரைக்கும் புரியவில்லை. யாரிடமாவது கேட்டால் விதி என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறது.

இந்த ஆறு மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. அச்சு எடுத்தேன். டெலிவரிக்குக் குட்டியானை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். நாளானால் துக்கம் சுருங்கிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சுருக்கம் பற்றி என்னிடமே சொல்கிறார்கள். சுருங்கும் என்று நானும் இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை, தம்பி.

பிளாஸ்டர் மூட்டை நாசமான மறுநாள் செல்வியிடம் சொன்னேன். வண்டியை எடைக்குப் போடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள், "அந்தப் பேக்கிங் ஆணியிலதான இருக்குது அண்ணி? மாட்டிப் பாத்துடலாமே" என்றாள். உன் பட்டறையிலிருந்து ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் அவளே ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்தாள். வண்டியைத் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தினோம். நான் உள்ளே படுத்தேன். அவள் வெளியே உட்கார்ந்து டார்ச் அடித்தாள். படுத்த பிறகுதான் அது உன் இடம் என்று உறைத்தது. தரையில் உன் முதுகு தேய்த்த தடம்கூட இருந்தது. செல்விக்கு அதைச் சொல்லவில்லை.

பிரிப்பதற்கு முன்னால் சுத்தம் செய், இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே விழும் என்பாயே. கூட்டின் மேல்பக்கத்தில் என் பிளாஸ்டர் ஒரு தட்டாக அப்பிக் கிடந்தது. வருஷக்கணக்கில் படிந்த தூள், மழைக்கால ஈரத்தில் நனைந்து, ஆக்சில் சூட்டில் காய்ந்து, பாறை மாதிரி ஆகியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணிக்கு மசியவில்லை. அச்சு செதுக்குகிற கத்தியை எடுத்துச் சுரண்டினேன். அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குமிழ் தெரிந்தது. நடுவில் ஓட்டை. ஓட்டை நிறையப் பிளாஸ்டர். கோணி ஊசியை விட்டுக் குத்தினேன்.

உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. ரொம்ப நேரம் வந்தது. முகத்தில் சூடாக, அந்தப் பூண்டு நாற்றத்தோடு பட்டது. நீ கடைசியாக மூடிப் பூட்டியபோது உள்ளே போன காற்று. நான் அசையாமல் படுத்திருந்தேன்.

"என்ன அண்ணி சத்தம்? பாம்பா?" என்று செல்வி எழுந்துவிட்டாள்.

"பாம்பு இல்லடி. பிரீதரு" என்றேன்.

அந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? லாரிக்காரர்களிடம் நீ கத்துவாயே, "மொதல்ல பிரீதரப் பாருய்யா, அது அடைச்சா உள்ள காத்து முட்டி ஆயில வெளிய தள்ளும்" என்று. வண்டி ஓடி எண்ணெய் சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியும். விரிந்த காற்று வெளியே போக அந்த ஓட்டை. அது அடைத்துக்கொண்டால் காற்று எங்கே போகும்? பேக்கிங்கைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயோடு வரும். சும்மா நின்றாலும் சித்திரை வெயில் தகரத்தின்மேல் காய்ந்தால் அதே கதிதான். இத்தனை வருஷமும் பேக்கிங்மேல் தப்பில்லை. போல்ட்டுமேலும் தப்பில்லை. நாம் இரண்டு பேரும் தோற்றுப்போனோம்.

எத்தனை லாரிக்கு அந்த ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்திருப்பாய். உன் சொந்த வண்டிக்கு ஏன் தோன்றவில்லை? என் கொட்டகையில் எல்லாமே வெள்ளையாக இருக்கும், அந்தக் குமிழும் வெள்ளையோடு வெள்ளையாகிவிட்டது. செல்வி சொன்னாள், "ஒருவேள தெரிஞ்சேதான் வுட்டு வச்சிருந்தாரோ? சரியாயிட்டா இங்க வந்து ஒக்காந்து சண்ட போட முடியாதுன்னு." அப்படி நினைத்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒழுகுகிற வண்டியைத் தெரிந்தே விட்டுவைக்கிற பொறுமை உனக்குக் கிடையாது. உனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் வெட்டிய பேக்கிங்மேல் பழி போடுகிற அவசரத்தில் மேலே பார்க்கவில்லை.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கை நிறையக் கறுப்போடு வாசல் வரைக்கும் போய்விட்டேன். ஜங்ஷன் ரோட்டுக்கு ஓடிப்போய் உன்னை நாலு பேர் முன்னால் இழுத்து வைத்து, "டேய், பெரிய மெக்கானிக்கு, பிரீதரப் பாத்தியாடா?" என்று கேட்க வேண்டும். நீ முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும். வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. இந்த விஷயத்தின் அருமை புரிகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனிடம்தான் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.

பிறகு வேலையை முடித்தோம். மூடியைக் கழற்றியதும் மிச்ச எண்ணெய் சட்டியில் கொட்டியது. பழைய பேக்கிங், நீ தடவிய அரக்கோடு இரும்பில் ஒட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் வெளியே பிதுங்கியிருந்தது. அதைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். துணுக்குத் துணுக்காக வந்தது. சில இடத்தில் உன் விரல் ரேகை அரக்கில் பதிந்து காய்ந்திருந்தது. அதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புதுசு உட்காராது. செல்வி டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் தடவிப் பார்த்துக்கொண்டே சுரண்டினேன்.

ஆணியில் இருந்த பேக்கிங் அப்படியே பொருந்தியது. எல்லா ஓட்டையும் சேர்ந்தது. சுருக்கத்துக்கு விடவில்லை. போல்ட்டைக் குறுக்கே குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன், உன்னைப் போல வெறி பிடித்து முறுக்கவில்லை. புது எண்ணெயை ஊற்று வாயில் வழிகிற வரைக்கும் ஊற்றினோம். பாட்டரியை மாற்றிச் சாவியைத் திருப்பினால், முனகி முனகி, ஒரு பெரிய இருமலோடு உன் வண்டி கிளம்பிவிட்டது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள்தான் ஞாபகப்படுத்தினாள். "அவரு கட்டின பிராது இருக்குதே அண்ணி. தீந்துபோச்சி இல்ல, ராஜினாமா குடுக்கணும். அப்பிடியே வுடக் கூடாதும்பாங்க."

குட்டியானை ஓட்டுகிற கைக்கு உன் வண்டி பிடிபடச் சற்று நேரம் ஆனது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு மூட்டைக்கு இடம் இருக்கிற அந்தச் சீட்டில் உன்னோடு நான் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. ஒழுகுவது நின்றதும் முதல் சவாரி அக்காவுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பாலக்கரை டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வழியெல்லாம் காற்று முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்றைக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

கோயிலில் ராஜினாமா எழுதும் இடத்தில் இருந்தவர் பேரைக் கேட்டார். செல்வி உன் பேரைச் சொன்னாள். "பிராது குடுத்தவரு வரலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் செல்வி. "எதிர்வாதி வந்திருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். கற்பூரம் காட்டினார்கள். உன் வழக்கு முடிந்தது. தீர்ப்பு இரண்டு பேருக்கும் எதிராக.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டார், "வேற ஏதாச்சும் இருக்குதாம்மா? சேத்தே முடிச்சிடலாம்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மழையில் வந்து கட்டியது அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே போனில் சொல்லியிருந்தேன்.

"இல்லீங்க" என்றேன்.

வண்டி இப்போது பழைய இடத்தில்தான் நிற்கிறது. அடியில் அட்டை போட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்க்கிறேன். சொட்டுகூட இல்லை. சுத்தமான அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இனிமேல் உனக்காகச் செய்ய ஒரு வேலையும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். ஒழுகிக்கொண்டே இருந்திருக்கலாம்.

வண்டிக்குக் கேட்டது சாமியிடம் கிடைத்துவிட்டது. உனக்குக் கேட்டதுதான் கிடைக்கவில்லை. என் பிராது அங்கேதான், அந்த வேலில்தான் எங்கோ இருக்கும். மழையில் எழுத்துக் கரைந்திருக்கும், நூலும் இற்றுப்போயிருக்கும். இருக்கட்டும். நான் ராஜினாமா கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். என் தம்பி எழுந்து வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.